பாண்டுரங்கன் பேரில் நூற்று எண்பத்தாறு எண்கள்

பெருமுக்கல் மலையடிவாரத்தில் ஐந்து ஏக்கர் வைத்திருக்கும் பாண்டுரங்கனின் மார்பு ஆனி மாதம் ஏழாம் தேதி காலை ஆறு பத்துக்கு மணியடித்தது. அன்று வெள்ளிக்கிழமை. திண்டிவனம் மார்க்கெட் கமிட்டியில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை மூட்டை ஏழாயிரத்து இருநூறுக்குப் போனது. பாண்டுரங்கன் கிணற்று மேட்டில் நின்று பல் விளக்கிக்கொண்டிருந்தான். மூன்றாவது முறை மணி அடித்ததும் உள்ளேயிருந்து அவன் மனைவி கோவிந்தம்மாள், "போனை எடேன்யா, காதுல இன்னா பஞ்சா வெச்சிக்கினு நிக்கிற?" என்று கத்தினாள். அவனுடைய போன் நடுவீட்டு அலமாரியில் அணைந்து கிடந்தது. சத்தம் வலப்பக்க விலாவுக்குள்ளிருந்து வந்தது. அவன் அந்த இடத்தைக் கையால் அழுத்தினான். சத்தம் நின்றது. ஒரு பெண்ணின் குரல் தெளிவாக, "மாமா, கூட்டேரிப்பட்டுல எறங்கிட்டியா, இல்ல தூங்கிக்கினே விக்கிரவாண்டி போயிட்டியா?" என்று கேட்டது. பாண்டுரங்கன் வாயில் நுரையோடு, "நான் வூட்லதாம்மா இருக்கேன்" என்றான். "யார்யா நீ?" என்று கேட்டுவிட்டு அந்தப் பெண் வைத்துவிட்டாள்.

அன்று பொழுது சாய்வதற்குள் முப்பத்தொரு அழைப்புகள் வந்தன. வலி எதுவும் இல்லை. ஒவ்வொரு எண்ணுக்கும் உடம்பில் ஒரு இடம் இருந்தது. ஒலக்கூர் உரக்கடைக்காரருடையது முழங்கையில் அடித்தது. மலைக்கோயில் பூசாரியுடையது பிடரியில். குறுஞ்செய்தி வந்தால் மணி அடிக்காது, இடது தோள் அரிக்கும். அதில் என்ன எழுதியிருக்கிறது என்பதைக் கடைசிவரை யாராலும் படிக்க முடியவில்லை. திண்டிவனத்தில் ஒரு டாக்டரிடம் காட்டினார்கள். அவர் இதயத் துடிப்பை எடுத்த காகிதத்தில், வழக்கமான கோணல் கோடுகளுக்குப் பதிலாக, சின்னதிலிருந்து பெரியதாக ஏறும் நான்கு கோடுகள் மட்டும் இருந்தன. டாக்டர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, சிக்னல் நன்றாக இருக்கிறது என்று சொல்லி, சத்து மாத்திரை எழுதிக்கொடுத்தார்.

எட்டாம் நாள் தென்னலை செல்போன் கம்பெனியின் விழுப்புரம் கிளையிலிருந்து பிரவீன்குமார் என்ற இளைஞன் மஞ்சள் சட்டை போட்டுக்கொண்டு வந்தான். காரணம் அவனுக்குத்தான் தெரிந்திருந்தது. அது பதினைந்து வருஷத்துக்கு முந்தைய தவறு. அப்போது திண்டிவனம் மேம்பாலத்துக்குக் கீழே குமரேசன் என்பவர் குடை விரித்து சிம் விற்றார். ஊர்க்காரர்கள் பலரிடம் கொடுப்பதற்கு அத்தாட்சி எதுவும் இல்லை. இருந்தவர்களுக்கும் அதை வீட்டுக்குப் போய் எடுத்து வரப் பொழுது இல்லை. பாண்டுரங்கன் பயிர்க்கடனுக்காக எடுத்த ரேஷன் கார்டு ஜெராக்ஸ் கட்டு கையில் மீந்திருந்தது. ஸ்டூடியோவில் சலுகை விலையில் எடுத்த போட்டோக்களும் இருந்தன. மீசை நன்றாக விழுந்திருந்ததால் அவற்றை யாராவது கேட்டால் அவனுக்குச் சந்தோஷம். "என்துலியே போட்டுக்கோ குமரேசா, மனுசனுக்கு மனுசன் இதுகூடவா செய்யறதில்ல" என்று கட்டோடு கொடுத்துவிட்டு பஸ் ஏறிவிட்டான். அந்தக் கட்டு தீர்ந்ததும் குமரேசன் அதிலிருந்தே இன்னொரு கட்டு எடுத்துக்கொண்டார். இப்படி நூற்று எண்பத்தாறு பேர் பாண்டுரங்கனின் பேரிலும் மீசையிலும் பேசத் தொடங்கினார்கள்.

"இப்ப எங்க கம்பெனியை விக்கிறாங்க சார்," என்றான் பிரவீன்குமார். "விக்கறதுக்கு முன்னாடி ஆளுங்களை எண்ணினாங்க. உங்க பேரு நூத்தி எம்பத்தாறு வாட்டி வந்துச்சி. ஒரே ஆள் ரெண்டு வாட்டி வந்தா ஒண்ணா சேத்துடுன்னு கம்ப்யூட்டருக்குச் சொல்லியிருந்தாங்க. அது சேத்துடுச்சி."

"எதுல சேத்துச்சி?"

"உங்ககிட்டதான் சார்."

கோவிந்தம்மாள் மோர்ச் சொம்பைத் தரையில் வைத்தாள். "அந்த ஒடம்புல ஏற்கெனவே சர்க்கரை இருக்குது, பிரஷர் இருக்குது. எடம் இருக்குதான்னு ஒரு வார்த்தை கேட்டுட்டு சேக்கக் கூடாதா?" என்று கேட்டாள். பிரவீன்குமார் மேலிடத்தில் சொல்வதாகச் சொன்னான்.

தென்னலை சிறிய கம்பெனி. கடன் அதிகம். டீசல் செலவைக் குறைப்பதற்காகப் பெருமுக்கல் கோபுரத்தை அது முன்பே அணைத்துவிட்டிருந்தது. அதை வாங்குவதற்கு வியோமா, தரங்கா என்ற இரண்டு பெரிய கம்பெனிகள் போட்டி போட்டன. கோபுரங்களின் மேல் அவர்களுக்கு ஆசை இல்லை. அலைவரிசையின் மேலும், அதில் பேசுகிற ஆட்களின் எண்ணிக்கையின் மேலும்தான் ஆசை. நாட்டில் யார் யாரோடு பேசினாலும் அது தன் வழியாகப் போக வேண்டும் என்பது பத்து வயதிலிருந்தே தன் கனவு என்று தரங்காவின் தலைவர் ஒரு பேட்டியில் சொன்னார். அதைப் படித்துக் காட்டியபோது பாண்டுரங்கன், "ஒரு நாள் வந்து என் ஒடம்புல இருந்து பாக்கச் சொல்லு" என்றான். வியாபாரம் முடிய அவன் நூற்று எண்பத்தாறு படிவங்களில் கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் எண்கள் எல்லாம் வாங்கும் கம்பெனிக்குப் போய்விடும், உடம்பு பழையபடி ஆகிவிடும். யாருக்குப் போட வேண்டும் என்பதுதான் குழப்பமாக இருந்தது.

பிரவீன்குமார் இரண்டாம் முறை வந்தபோது, கையில் மோர் டம்ளரோடு உட்கார்ந்திருக்கையிலேயே, பதினொன்று நாற்பதுக்கு அவனுடைய மஞ்சள் சட்டை நீலமாக மாறியது. அவன் எங்கோ போன் செய்து விசாரித்துவிட்டு, தென்னலையை வியோமா வாங்கிவிட்டது, மும்பையில் இப்போதுதான் கூட்டம் முடிந்தது என்றான். அடுத்த புதன்கிழமை வியோமாவைத் தரங்கா வாங்கியது. சட்டை கழுத்திலிருந்து கீழ்நோக்கிப் பச்சையானது. ஆடிப்பெருக்கு வாரத்தில் தென்னலையின் முதலாளி எங்கிருந்தோ பணம் புரட்டித் தரங்காவின் பங்குகளை வாங்கிக் குவித்துவிட, மூன்று நாள் எல்லாமே தென்னலையாக இருந்தது, சட்டையும் மஞ்சளாக இருந்தது. அதன் பிறகு பிரவீன்குமார் யார் வீட்டுக்குப் போனாலும், "வணக்கம் சார், நான்..." என்று சொல்லி நிறுத்தி, குனிந்து சட்டையைப் பார்த்துவிட்டுத்தான் கம்பெனியின் பேரைச் சொன்னான். படிவங்கள் நான்கு முறை புதிதாக அச்சாகி வந்தன. பழையவற்றைக் கோவிந்தம்மாள் அடுப்புப் பற்றவைக்க எடுத்துக்கொண்டாள்.

சட்டை மாறிய நாட்களில் பாண்டுரங்கனுக்குள் இணைப்புகளும் மாறின. திண்டிவனத்து மல்லாட்டைத் தரகர் சீனுவாசன் ஒரு மூட்டை விவகாரம் பேசக் கூப்பிட்டபோது, மண்டகப்பட்டிலிருந்து பிரசவ வலி எடுத்த மகளைப் பற்றி ஒரு தாய் பேசினாள். சீனுவாசன் முதலில், "அம்மா, எனக்கு சரக்கு எப்ப வரும்?" என்று கேட்டார். அந்தத் தாய், "இன்னும் ரெண்டு மணி நேரம் ஆவும்னு சொல்றாங்க" என்றாள். சீனுவாசன் பழக்கூடையோடு ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார். அந்தக் குழந்தையின் முதல் பிறந்தநாளுக்குத் துணி எடுத்ததும் அவர்தான். கண்டமங்கலத்து வீட்டார் சம்பந்தம் பேசிய பெண், பேசாத ஒரு வீட்டுக்கு நிச்சயமாகி நன்றாகத்தான் இருக்கிறாள். யாரும் பெரிதாகப் புகார் சொல்லவில்லை. தவறாகப் போன பேச்சுகளில் பாதி, சரியாகப் போயிருந்தாலும் இவ்வளவுதான் ஆகியிருக்கும் என்று பலருக்கும் ஒரு எண்ணம் இருந்தது. பாண்டுரங்கனால் மட்டும் தூங்க முடியவில்லை. கருமாதிப் பந்தலில் மணியடித்தான். ரேஷன் கடை வரிசையில் மணியடித்தான். கொல்லைக்குப் போன இடத்தில் வயிற்றுக்குள்ளிருந்து யாரோ ஒருவர் வட்டிக்காரரிடம் தவணை கேட்டுக் கெஞ்சினார். ஆவணிக்குள் அவன் ஒன்பது கிலோ இறங்கிவிட்டான்.

நூற்று எண்பத்தைந்து இடங்களுக்கு ஆள் தெரிந்துவிட்டது. இடது கழுத்தெலும்புக் குழியில் அடிக்கிற ஒன்றுக்கு மட்டும் யாரும் உரிமை கேட்டு வரவில்லை. ஆடியில் இரண்டு முறை அது அடித்தது. எடுத்தால் யாரும் பேசவில்லை. மூச்சுச் சத்தம் மட்டும் இருந்தது, வெகு தொலைவில் ஏதோ ஒரு யந்திரம் ஓடியது. வயலில் களை எடுக்கிற பெண்களுக்குக் கேப்பைக்கூழ் ஊற்றும்போது கோவிந்தம்மாள் அதை ஒரு பேஜாராகத்தான் சொன்னாள். "ஒருத்தன் கூப்புட்றான், மூச்சு வுட்டுக்கினே இருக்கான், பதினோரு நிமிசம் கழிச்சி வெச்சிட்றான். இவரு ஹலோ ஹலோன்னு தொண்டை காய்ஞ்சதுதான் மிச்சம்." காலனியிலிருந்து வேலைக்கு வந்திருந்த இருதயமேரி கையிலிருந்த கூழ்ச் சட்டியை வரப்பில் வைத்துவிட்டு உட்கார்ந்துகொண்டாள்.

"அது எம் புள்ளைங்கம்மா," என்றாள். "அவன் அப்டித்தான். பேச மாட்டான்."

இருதயமேரியின் மகன் இருதயராஜ் ஏழு வருஷத்துக்கு முன்னால் வீட்டை விட்டுப் போனவன். பிளஸ் டூ முடிவு வந்த அன்று அவள் அவனை ஒரு வார்த்தை சொன்னாள். அது என்ன வார்த்தை என்று அவள் யாரிடமும் சொன்னதில்லை. போன பிறகு வருஷத்துக்கு மூன்று நான்கு முறை, ஒவ்வொரு தடவையும் வேறு வேறு எண்ணிலிருந்து கூப்பிடுவான். எதுவும் சொல்ல மாட்டான். அவள்தான் பேசுவாள். ஆடு குட்டி போட்டது, மாதா கோயிலுக்கு வெள்ளையடித்தது, யார் செத்தார்கள், மழை எப்படி. திரும்பக் கூப்பிட்டால் யாரோ ஒரு கடைக்காரர் இந்தியில் பேசுவார். மூன்று வருஷத்துக்கு முன்னால் மார்கழிப் பட்டத்தில், பாண்டுரங்கனின் நிலத்திலேயே மல்லாட்டை விதைக்கும்போது, அவளுடைய போன் மடியிலிருந்து நழுவி ஏர்ச்சாலில் விழுந்து மூடிக்கொண்டது. நான்கு நாள் தேடினார்கள். வேறு எண் வாங்கினாள். அது அவனுக்குத் தெரியாது. அவனுக்கு மனப்பாடமாகத் தெரிந்த எண், மேம்பாலத்துக் குடையில் பாண்டுரங்கன் பேரில் வாங்கிய அந்த ஒன்றுதான்.

புரட்டாசி முதல் வாரம் கழுத்தெலும்பு அடித்தபோது ஆள் அனுப்பினார்கள். இருதயமேரி வயலிலிருந்து ஓடி வந்து, காலனிக்காரர்கள் எப்போதும் நிற்கிற மாட்டுக்கொட்டகை ஓரத்தில் நின்றாள். பாண்டுரங்கன் வாசற்படியில் நின்றான். "கேக்கலைங்கய்யா," என்றாள். அவன் இரண்டடி இறங்கினான். அவனுடைய மார்பில் கரகரப்பு எழுந்தது, இன்னும் ஒரு அடி வைத்தால் அறுந்துவிடும் போலிருந்தது. நடுவீட்டில், மின்விசிறிக்கு நேர் கீழேதான் நான்கு கோடும் முழுதாக இருக்கும் என்பது இதற்குள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. பாண்டுரங்கன் மனைவியைப் பார்த்தான். கோவிந்தம்மாள் மாட்டுக்கொட்டகையைப் பார்த்தாள். அந்த வீடு கட்டி நாற்பது வருஷம் ஆகிறது, காலனியிலிருந்து ஒருவரும் அந்தப் படி தாண்டியதில்லை. நிமிடங்கள் போய்க்கொண்டிருந்தன. "இன்னா பாத்துக்கினே இருக்க, அவன் வெச்சிடப் போறான். ஜல்தி உள்ள வா மேரி," என்றான் பாண்டுரங்கன். இருதயமேரி காலைக் கூடக் கழுவாமல் உள்ளே வந்து தரையில் உட்கார்ந்தாள். மின்விசிறிக்குக் கீழே நாற்காலியில் உட்கார்ந்த பாண்டுரங்கனின் கழுத்துக்குத் தரையிலிருந்து காது எட்டவில்லை. கோவிந்தம்மாள் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் காலால் தள்ளிவிட்டாள். இருதயமேரி அதில் உட்கார்ந்து, பாண்டுரங்கனின் கழுத்தோரம் காதை வைத்து, "ராஜு, போனு மண்ணுக்குள்ள பூட்சிடா, அதான் எடுக்கல" என்று ஆரம்பித்தாள். ஊரில் ஒரு மாதம் இதைத்தான் பேசினார்கள். அதற்குள் வியோமா மறுபடியும் கைமாறிவிட்டதால் பேச்சு அந்தப் பக்கம் போய்விட்டது.

ஐப்பசியில் தரங்கா முடிவாக ஜெயித்தது என்று சட்டை சொன்னது. பத்து நாளாகியும் நிறம் மாறவில்லை. ஊர்க்காரர்கள் அவரவர் ஆதாரைக் கொடுத்து எண்களைத் தங்கள் பேருக்கு மாற்றிக்கொள்ள ஏற்பாடாயிற்று. அதற்கு அவரவர் போனுக்கு ஒரு ரகசிய எண் வரும், அதைச் சொன்னால் போதும். இருதயமேரியின் பழைய எண்ணுக்குப் போனும் இல்லை, சிம்மும் இல்லை, இரண்டும் மண்ணுக்குள் கிடந்தன. அவளுக்கான ரகசிய எண் பாண்டுரங்கனின் இடது தோளில் அரிப்பாக வந்தது. பிரவீன்குமார் ஆறு முறை அனுப்பிப் பார்த்தான். பாண்டுரங்கன் ஆறு முறை சொறிந்துகொண்டான். எண்ணுக்கு உரிய பேரில் ஒருவர், பேசுகிறவர் ஒருவர், இரண்டு பேரும் விழுப்புரம் அலுவலகத்துக்கு நேரில் வந்தால் ஏதாவது செய்யலாம் என்று அவன் சொன்னான். ஐப்பசி இருபத்தொன்றாம் தேதி இருவரும் பஸ் ஏறினார்கள். வழியில் பாண்டுரங்கன் ஒன்பது முறை மணியடித்தான். "செல்லை சைலன்ட்ல போடுய்யா, தலை வலிக்குது," என்றார் கண்டக்டர். "எங்க போடறதுன்னு தெரிஞ்சா போட மாட்டேனா?" என்றான் பாண்டுரங்கன்.

அலுவலகம் ரயில்வே சந்திப்புக்குப் போகிற சாலையில், ஒரு மருந்துக்கடைக்கு மேலே இருந்தது. ஏதாவது செய்யலாம் என்று பிரவீன்குமாரிடம் சொல்லியிருந்த அதிகாரி தென்னலையோடு போய்விட்டிருந்தார். புதியவர் தரங்காவிலிருந்து வந்தவர், மலர்விழி என்று மேசையில் பேர் இருந்தது. அவர் அரை மணி நேரம் கம்ப்யூட்டரில் தேடிவிட்டு, இருதயமேரி என்று ஒரு ஆள் தங்கள் கணக்கில் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை என்றார். இருதயமேரி அவருக்கு எதிரில்தான் நின்றிருந்தாள். தென்னலையின் அமைப்பு மாலை ஐந்து மணியோடு மூடப்படும், கையெழுத்தான எண்கள் உயிரோடு இந்தப் பக்கம் வரும், ஆனால் ஆள் சேராதவை முப்பது நாளில் ரத்தாகும். ஆகவே கையெழுத்துப் போட்டால் அந்த ஒன்று ரத்தாகும். கையெழுத்து மொத்தமாக நூற்று எண்பத்தாறும் வந்தால்தான் கைமாற்றம் முடிந்ததாகக் கணக்கு. பாண்டுரங்கன் படிவக் கட்டை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு வெளியே பெஞ்சில் வந்து உட்கார்ந்தான். கீழே கரும்பு லாரிகள் போயின. பிறகு இருதயமேரி, "போட்டுடுங்கண்ணா," என்றாள். "ஒடம்பைப் பாருங்க, எலும்பாப் பூட்டீங்க. நீங்க தூங்கணும்ல."

பாண்டுரங்கன் மதியம் ஒன்றரைக்குத் தொடங்கினான். ஒரு கையெழுத்துக்கு ஒரு இடம் அடங்கியது. முழங்கை அடங்கியது, பிடரி அடங்கியது, முதல் நாள் அடித்த விலா அடங்கியது. நான்கு மணிக்கு வயிறு முழுவதும் அமைதியானபோது அவன் பெஞ்சிலேயே பத்து நிமிஷம் தூங்கிவிட்டான். பிரவீன்குமார் அவனை எழுப்பாமல் நின்றுகொண்டிருந்தான். நான்கு ஐம்பதுக்கு நூற்று எண்பத்தைந்து முடிந்தது. பாண்டுரங்கன் பேனாவை மூடிச் சட்டைப் பையில் குத்திக்கொண்டான்.

"இன்னும் ஒண்ணு இருக்கு சார்."

"இருக்கட்டும்."

"சார், அது இல்லாம டேக்ஓவர் முடியாது சார். பதினோரு மாநிலம் நிக்குது."

"நிக்கட்டும்பா. தூங்க வுடாதது எல்லாம் பேசற நம்பருங்கதான். இது பேசறதே இல்லியே. இது இன்னா பண்ணப் போவுது என்னை?"

அலுவலகத்துக்குள்ளிருந்து மலர்விழி ஐந்து மணி ஆகிவிட்டது என்றார். படிக்கட்டில் இறங்கும்போது கீழே மருந்துக்கடையில் பாண்டுரங்கனுக்குச் சர்க்கரை மாத்திரை வாங்கினார்கள், இரண்டு அட்டை.

ஏழு மாதம் அந்தக் கைமாற்றம் முடியாமல் நின்றது. சென்னையிலிருந்து வக்கீல்கள் வந்தார்கள். பாண்டுரங்கனுக்குக் கார் கொடுப்பதாகச் சொன்னார்கள், பிறகு வழக்குப் போடுவதாகச் சொன்னார்கள், பிறகு இரண்டையும் சொன்னார்கள். கோவிந்தம்மாள் எல்லோருக்கும் மோர் கொடுத்து, "அவரு தூங்கறாரு, அப்பறமா வாங்க" என்று அனுப்பினாள். அவன் உண்மையிலேயே தூங்கிக்கொண்டிருந்தான். தரங்காவின் பங்கு விலை இறங்கியது, ஏறியது. வைகாசி மாதம் தீர்ப்பாயம், மாற்ற இயலாத எண் ஒன்று, அது ஒரு நபரின் உடலோடு இருக்கிறது, அதை விட்டுவிட்டு மீதியைக் கைமாற்றிக்கொள்ளலாம் என்று இரண்டு வரியில் உத்தரவிட்டது. அன்று பிரவீன்குமாரின் சட்டை நிரந்தரமாகப் பச்சையானது, இடது கை மட்டும் மஞ்சளாக நின்றுவிட்டது. கம்பெனி புதுச் சட்டை கொடுத்தும் அதன் கையும் மஞ்சளானதால் அப்படியே போட்டுக்கொண்டு வேலைக்குப் போகிறான். ஆனியில் பெருமுக்கல் கோபுரத்தைப் பிரித்து, இரும்பை எடைக்கு ஏற்றிப் போனார்கள்.

இந்த வருஷம் ஆவணி பதினாலாம் தேதி, சனிக்கிழமை, பாண்டுரங்கன் சாப்பிட உட்கார்ந்த நேரத்தில் கழுத்தெலும்புக் குழி அடித்தது. தட்டைத் தள்ளிவைத்துவிட்டு மின்விசிறிக்குக் கீழே போய் உட்கார்ந்தான். கோவிந்தம்மாள் வயல் பக்கம் பார்த்துக் குரல் கொடுத்தாள். இருதயமேரி களைக்கொத்தியோடு வந்து, படியேறி, நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, காதை வைத்தாள். ஆடு பற்றிச் சொல்லவில்லை. மழை பற்றிச் சொல்லவில்லை. அன்று அவள் ஏன் பேசவில்லை என்று பிற்பாடு கேட்டவர்களிடம், ஓடி வந்ததில் மூச்சு வாங்கியது என்றாள். பிறகு, அது மட்டும் காரணம் இல்லை என்றாள். அந்தப் பக்கம் மூச்சு, இந்தப் பக்கம் மூச்சு, நடுவில் பாண்டுரங்கன் அசையாமல் உட்கார்ந்திருந்தான். கோவிந்தம்மாள் போய் மின்விசிறியை நிறுத்தினாள். பிறகு கொல்லைப்பக்கம் போய் மோட்டாரையும் நிறுத்திவிட்டு வந்து கதவோரம் நின்றாள். பதினோரு நிமிஷம் ஆயிற்று. அவன் வைக்கவில்லை. இருபது நிமிஷம் ஆயிற்று. தொலைவில் ஓடிக்கொண்டிருந்த யந்திரத்தை யாரோ அணைத்தார்கள். பாண்டுரங்கனின் கழுத்தோரத்திலிருந்து, கரகரத்த, வயது கூடிய ஒரு குரல் வந்தது.

"ம்மா. லைன்ல இருக்கியா?"

"இருக்கேன்," என்றாள் இருதயமேரி.

அவர்கள் ஒன்றே முக்கால் மணி நேரம் பேசினார்கள். பாண்டுரங்கன் அன்று சாப்பிட மூன்றரை ஆயிற்று. குழம்பு ஆறிப்போயிருந்ததால் கோவிந்தம்மாள் மறுபடி சுடவைத்து, மேரிக்கும் சேர்த்து இரண்டு தட்டில் போட்டாள்.